எண்ணிக்கை சரிதான், ஸ்லைடைப் பார்த்தீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரை அண்ணாநகரில் நாய்களுக்கு ரத்தம் பார்க்கும் இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நாயைத் தூக்கிக்கொண்டு 19 படி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது. கீழே மாவு மில். அது ஓடும்போது கட்டடம் லேசாக அதிரும். மேலே மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருப்பவருக்கு அணுக்களெல்லாம் குளிர் காய்ச்சலில் நடுங்குவதுபோல் தெரியும். காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சு மூன்று பேருக்கு மேல் தாங்காது. அதில் ஒருவர் மடியில் எப்போதும் ஒரு பொமரேனியன் குரைத்துக்கொண்டிருக்கும். இத்தனைக்குப் பிறகும் ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். மலேரியா ஸ்லைடும், வெள்ளையணுவில் எந்த வகை எத்தனை என்று எண்ணும் வகைக் கணக்கும் எத்தனை ஆயிரம் பார்த்தேனோ தெரியாது. எல்லாம் மனித ரத்தம். நாய் ரத்தத்தை இந்தச் சித்திரை வரை நான் பார்த்ததே இல்லை.

செவலை எங்கள் வீட்டு நாட்டு நாய். ஏழு வயது, பெண், 16 கிலோ. ஒத்தக்கடையில் வாசல் திறந்தால் யானைமலை தெரியும் வீடு எங்களுடையது. மலைக்கும் வாசலுக்கும் நடுவில் போகிற வருகிற எதையும் செவலை விட்டுவைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் சித்திரைத் திருவிழாக் கொடியேறிய வாரத்தில் படுத்துவிட்டாள். சோறு வேண்டாம். கருவாடு வறுத்த வாசனைக்குக்கூடத் தலை தூக்கவில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தாள். வெயில் காலம்தானே என்று இரண்டு நாள் நானே விட்டுவிட்டேன். அது என் தப்பு.

மூன்றாம் நாள் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) முன்னங்காலில் ரத்தம் எடுத்து, பக்கத்துத் தெருவில் மனிதர்களுக்கு ரத்தம் பார்க்கும் ஒரு கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் தாள் வந்துவிட்டது. வெள்ளையணு மொத்தம் 10,900. ரத்தம் உறைய உதவும் தட்டணு 48,000. மருத்துவர் இரண்டாவது எண்ணின் மேல் பேனாவால் வட்டம் போட்டார். "உண்ணிக் காய்ச்சல்தான் அம்மா. வெள்ளையணு சரியாக இருக்கிறது, வேறு தொற்று ஒன்றும் இல்லை" என்றார். டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்.

அவரை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் நாய் சோர்ந்து படுத்து, தட்டணுவும் குறைந்திருந்தால், பழுப்பு உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா என்ற கிருமியை நினைப்பதுதான் முறை. மாத்திரையும் அதற்கு உரியதுதான். என் கண்ணை உறுத்தியது வேறு. தாளில் சரியான அளவு 4,000 முதல் 11,000 என்று அச்சடித்திருந்தது. அது மனிதனுக்கான அளவு. வளர்ந்த நாய்க்கு ஏறக்குறைய 6,000 முதல் 17,000 வரை இருக்கலாம். நாய் ரத்தத்தை மனித அளவுகோலில் வைத்துப் படித்த தாளில் வேறு என்னென்ன பிசகியிருக்கும் என்ற நினைப்பு இரவெல்லாம் போகவில்லை. மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு நாளில் ஐந்து முறை வாந்தி.

எங்கள் தெருவில் ராஜபாளையம் வளர்க்கும் தம்பிதான் இந்த இடத்தைச் சொன்னான். "அங்கே மெஷினும் உண்டு, கண்ணாலும் பார்க்கிறார்கள் அத்தை" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கிளம்பினேன். மதுரைக்கு வரும் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டம் வேறு. மாட்டுத்தாவணியைத் தாண்டவே முக்கால் மணி நேரமானது. ஆட்டோக்காரர் நாயைப் பார்த்துவிட்டு 50 ரூபாய் கூடக் கேட்டார். வாந்தி எடுக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

இங்கே இருப்பவர் இரண்டே பேர். ஒரு பெண் மருத்துவர், கால்நடை நோய்க்குறியியல் படித்தவர், முப்பது வயதுக்குமேல் இருக்காது. இன்னொருவர் உதவிக்கு இருக்கும் பையன். மருத்துவர் சீட்டு இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். முதல் இடத்தில் கொடுத்த சீட்டையே ஏற்றுக்கொண்டார்கள். கத்தரிப்பூ நிற மூடி போட்ட குழாயில் கோடு வரை ரத்தம் பிடித்தார்கள். கோட்டுக்குக் கீழே நின்றால் உள்ளே இருக்கும் உறையாமல் தடுக்கும் மருந்து விகிதம் மிஞ்சி அணுக்கள் சுருங்கிப் போகும். பையன் அதைப் பார்த்துப் பிடித்தபோதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதி, ஊசி முனையில் மிஞ்சிய துளியைக் கண்ணாடிச் சில்லில் மெலிதாகப் பூசி அங்கேயே இரண்டு ஸ்லைடு இழுத்தபோது வந்தது. குழாய்க்குள் மணிக்கணக்கில் கிடந்த ரத்தத்தில் வெள்ளையணுக்கள் தாமாகவே குமிழி விட்டு உருமாறும். பிறகு அது நோயா, கிடந்த கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாது.

இழுத்த ஸ்லைடைக் காய வைத்து மூடி போட்ட டப்பாவில் வைத்தார்கள். சிரித்துவிட்டேன். எங்கள் கூடத்திலும் இதே கதைதான். சாயம் ஏற்றாத ஸ்லைடைத் திறந்து வைத்தால் அரை மணி நேரத்தில் எறும்பு வந்து ரத்தத்தை வழித்துத் தின்றுவிட்டுப் போகும். வட்ட வட்டமாக வெறும் கண்ணாடி மிஞ்சும்.

"லீஷ்மன் சாயமா?" என்று கேட்டேன். ரத்த அணுக்களுக்கு நிறம் ஏற்றும் சாயம் அது. அந்த மருத்துவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்று சொன்னேன். "அப்படியானால் உள்ளே வாருங்கள் அம்மா" என்றார். எல்லோரையும் உள்ளே விடுவார்கள் என்று இதை வைத்து நம்பிவிட வேண்டாம். ஆனால் கேட்டால் ஸ்லைடைக் காட்டுகிறார்கள். அடுத்து வந்த ஒரு டெய்லருக்கும் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

சாயம் சுத்தமாக ஏறியிருந்தது. மதுரையில் குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஸ்லைடு முழுக்க நீலம் பூத்துவிடும், இவர்கள் அமில-கார அளவு (pH) 6.8-இல் மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசலில் கழுவுகிறார்கள். எண்ணெய்த் துளி விட்டு, நூறு மடங்கு லென்சை இறக்கி, முதலில் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். ரத்தப் பூச்சு மெலிந்து முடியும் அந்த ஓரத்தில், ஈரக் கையில் ஒட்டிய ரவைபோலத் தட்டணுக்கள் திட்டுத் திட்டாகக் கட்டியிருந்தன. எண்ணும் இயந்திரம் துகளின் அளவைப் பார்த்துத்தான் இது இன்னது என்று பிரிக்கிறது. இருபது தட்டணு ஒட்டிக் கிடந்தால் அதைத் தட்டணுவாகக் கொள்ளாது; பெரிய கட்டியாக இருந்தால் வெள்ளையணு என்றே கணக்கில் சேர்த்துவிடவும் கூடும். அந்த 48,000 பொய். தட்டணு தேவையான அளவுக்கு இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று வட்டம் போட்ட எண் இப்படியாகக் காற்றில் போனது.

"இப்போது நடுப்பகுதிக்கு வாருங்கள்" என்றார்.

வந்தேன். ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோபில் என்றால் உட்கரு மூன்று நான்கு கண்ணியாக முறுக்கி, நடுவில் இடுக்கி இடுக்கி இருக்க வேண்டும். இங்கே நாலில் ஒன்று லாடம்போல் வளைந்து, இடுக்கே விழாமல், ஓரங்கள் சமமாக ஓடின. இளசுகள். அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையில் இன்னும் கொஞ்ச நாள் கிடந்து முற்ற வேண்டியவை. அதுவும் போதாது என்று, உட்கருவைச் சுற்றி வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் நீலம் பாய்ந்து, சோப்பு நுரைபோல் பொத்தல் பொத்தலாக இருந்தது. சிலவற்றில் சாம்பல் நீலத்தில், மை விரலால் தொட்டு எடுத்ததுபோல் ஒரு கறை. டூலெ கறை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். கடும் தொற்றில் கிடந்த மனிதர்களின் ரத்தத்தில் நான் பார்த்த அதே முகம், நாய் ரத்தத்தில்.

கணக்கிடும் கருவி, பியானோ கட்டைபோல் வகைக்கு ஒரு பொத்தான் வைத்த பழைய வகை. நூறு அணு ஆனதும் 'டிங்' என்று மணி அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்றாண்டு ஆகியிருந்தது எனக்கு. அவர் நூறோடு நிறுத்தாமல் இருநூறு எண்ணினார். முற்றிய நியூட்ரோபில் 58 சதவீதம், லாடம்போல் வளைந்த இளசு 22; மற்ற வெள்ளையணு வகைகளில் லிம்போசைட் 8, மோனோசைட் 12, ஈசினோபில் ஒன்றுகூட இல்லை. அங்கே மொத்த எண்ணிக்கை அன்று 11,200. சதவீதத்தை அந்த மொத்தத்தோடு பெருக்கிப் பார்த்தால் லாட அணு மட்டும் ஒரு மைக்ரோலிட்டரில் 2,464. நாய்க்கு 300-ஐத் தாண்டக் கூடாது.

அவர் சொன்னதை என் சொல்லில் சொல்கிறேன். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வரும் மல்லிகையைப் பார்த்திருப்பீர்கள். வரத்து குறைந்ததே தெரியாது, கூடை நிறைந்துதான் இருக்கும். கையை விட்டு அள்ளிப் பார்த்தால்தான் பாதி சிற்றரும்பு என்று தெரியும். நாளைக்குப் பறிக்க வேண்டியதை இன்றே கிள்ளி அனுப்பியிருக்கிறார்கள். செவலையின் மஜ்ஜையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. உடம்பில் எங்கோ ஓர் இடம் நியூட்ரோபில்களை விழுங்கிக்கொண்டே இருந்தது. முற்றியவை தீர்ந்து பிஞ்சை இறக்கியாகிவிட்டது. கூடையின் எடையை மட்டும் பார்த்த இயந்திரம் 'சரி' என்று எழுதிவிட்டது. பழைய கணக்குத் தாள்களில் இளம் அணுக்களுக்கான கட்டம் இடக்கைப் பக்கம் இருந்ததால் இதை 'இடப்பக்கச் சாய்வு' என்பார்கள். எண்ணிக்கை ஏறியிருக்கும்போது வரும் சாய்வைவிட, எண்ணிக்கை ஏறாமல் வரும் சாய்வு மோசம். மஜ்ஜை திணறுகிறது என்று அர்த்தம். பிஞ்சு முற்றியதை மிஞ்சிவிட்டால் பிழைப்பதே கடினம். செவலைக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

"இவள் கடைசியாக எப்போது சூட்டில் இருந்தாள்?" என்று கேட்டார். ஐந்தாறு வாரம் இருக்கும் என்றேன். கருத்தடை செய்யவில்லை என்றும் சொன்னேன். அவர் வேறு பேசவில்லை. முதுகலை படித்த இடத்தில் தெரிந்த ஓர் அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கர்ப்பப்பையை ஸ்கேன் பார்க்கச் சொல்லி அப்போதே நேரம் வாங்கிக் கொடுத்தார். அறிக்கையில் 'கர்ப்பப்பையில் சீழ்' என்று எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். 'கடும் அழற்சி, நச்சு மாற்றம் உண்டு, இடம் தேடவும்' என்ற பொருளில் இரண்டு வரி, அவ்வளவுதான். நச்சு மாற்றம் என்றது நான் ஸ்லைடில் பார்த்த அந்த நீலத்தையும் நுரையையும் கறையையும்தான். ரத்தம் எவ்வளவு சொல்லுமோ அவ்வளவு. எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்.

சீழ்தான். வாய் மூடிய கர்ப்பப்பை, ஆகவே வெளியே ஒரு சொட்டு வரவில்லை, யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவே எடுத்தார்கள். ஒன்றேகால் கிலோ இருந்தது.

இனி குறைகள். அறிக்கை முழுக்க ஆங்கிலம். நாய்க்காரர்கள் எல்லோரும் என்னைப்போல் அதிலேயே ஊறியவர்கள் இல்லை. 'நச்சு மாற்றம் இரண்டு கூட்டல்' என்று படித்துவிட்டு நாய்க்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு வீட்டில் சண்டையே நடந்ததாகப் பையன் சொன்னான். தமிழில் இரண்டு வரி சேர்த்தால் என்ன? அடுத்தது, ஞாயிறு முழுக்க மூடல், சனி மாலையும் சந்தேகம். கட்டணம் ஸ்லைடோடு சேர்த்து 650 ரூபாய். முதல் இடத்தில் 400. அந்த 250 ரூபாய் வித்தியாசத்தை நான் குறையில் சேர்க்கவில்லை.

பெரிய கூத்து, அறிக்கையில் செவலையை 'ஆண்' என்று அச்சடித்திருந்தார்கள். பழைய படிவத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள். நான் பையனிடம் போய்ச் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு நியூட்ரோபிலைத் தேடிப் பிடித்து மருத்துவரிடம் காட்டினேன். உட்கருவின் ஒரு கண்ணியிலிருந்து மேளக்குச்சிபோல் ஒரு சின்னத் தொங்கல் நீட்டிக்கொண்டிருந்தது. பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று சுருண்டு கிடப்பது அது. பெண்களின் ரத்தத்தில் பார்த்திருக்கிறேன். பெண் நாய்க்கும் உண்டு என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். "உங்கள் ஸ்லைடே பெண் என்கிறது, தாள் ஆண் என்கிறது, எதை நம்ப டாக்டரம்மா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்த பொமரேனியன் குரைப்பதை நிறுத்தியது.

ஒரு முறை நானே பயந்தும் போனேன். அறுவை முடிந்த இரண்டாம் நாள் மறுபடி ரத்தம் பார்த்தபோது வெள்ளையணு 41,600. தையல் சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர் இறங்கி வந்து விளக்கினார். மஜ்ஜை முழு வேகத்தில் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. விழுங்கிக்கொண்டிருந்த கர்ப்பப்பை போய்விட்டது. வந்த சரக்கெல்லாம் ரத்தத்தில் தேங்கி நிற்கிறது. இந்த அறுவைக்குப் பின் இப்படி ஏறுவது வழக்கம்தான் என்றார். ஸ்லைடில் நுரையும் கறையும் குறைந்திருந்ததைக் காட்டினார். நியூட்ரோபில் ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான், ஆகவே நேற்றைய முகம் இன்று இருக்காது. எண்ணிக்கை பயமுறுத்தியது, முகம் தைரியம் சொன்னது. முதல் நாள் நடந்ததற்கு நேர் தலைகீழ்.

அதன் பிறகு ராஜபாளையம் தம்பியின் நாயையும் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு உண்மையிலேயே உண்ணித் தொல்லை. நியூட்ரோபிலுக்குள் உட்கருவை ஓரம் தள்ளிவிட்டு, வெளிறிய நீலத்தில் மாத்திரைக் கூடுபோல் ஒன்று படுத்திருந்தது. ஹெபட்டோசூன் என்ற ஒட்டுண்ணி. உண்ணி கடித்து வருவதில்லை. நாய் உண்ணியையே கடித்து விழுங்குவதால் வருகிறது. 1905-இல் இந்திய நாய்களில்தான் முதன்முதலில் விவரித்தார்கள் என்று மருத்துவர் சொன்னார். தம்பிக்கு அதில் ஏதோ பெருமை. எர்லிக்கியாவையும் தேடினார். அது மோனோசைட்டுக்குள் முசுக்கட்டைப் பழம்போல் கொத்தாக இருக்கும், ஆனால் அகப்படுவது அபூர்வம். குழாயைச் சுழற்றி, சிவப்புக்கு மேல் படியும் வெள்ளைப் படலத்தைத் தனியாக எடுத்தும் பார்த்தார். கிடைக்கவில்லை. 'காணவில்லை, இல்லை என்று கொள்ள வேண்டாம், மரபணுச் சோதனை தேவை' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சோதனை இங்கே கிடையாது, வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கும் தயங்காமல் வழி சொல்கிறார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு சொல். உங்கள் மருத்துவர் வேறு இடத்தில் ரத்தம் எடுத்தால், எடுத்த கையோடு இரண்டு ஸ்லைடும் இழுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்லைடை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஃபார்மலின் பாட்டிலுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், சாயம் கெடும். காலை ஒன்பதரைக்குள் போனால் மாவு மில் ஓடத் தொடங்கியிருக்காது.

பன்னிரண்டாம் நாள் செவலைக்கு வெள்ளையணு 15,200, லாடம் ஒரு சதவீதம், ஈசினோபில் திரும்பி வந்துவிட்டது. 19 படியும் அவளே ஏறினாள். இறங்கும்போது மில்லில் அரைக்க வந்தவரின் சைக்கிளைப் பார்த்துக் குரைத்தாள். வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பிரித்தால் மறுபடியும் 'ஆண்'. பேனாவால் அடித்துத் திருத்திக் கோப்பில் வைத்திருக்கிறேன்.